அம்மா ஏறியாச்சா?

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிறவள் இல்லை. பத்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் டப்பாக்களின் மேல் ஒட்டும் சீட்டுகள்தான். அம்பத்தூரில் ஒரு லேபில் உதவியாளர் வேலை. ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் செய்து எடுத்த சதைத்துண்டுகள் மருந்துத் தண்ணீரில் ஊறிக்கொண்டு எங்களிடம் வரும். வாங்கி, எண் போட்டு, நோட்டில் பதிந்து உள்ளே கொடுப்பேன். கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவேன். ஒரு சீட்டில் நான்கு வார்த்தைக்கு மேல் இடம் இருக்காது. அந்தப் பழக்கத்தில் இதுவும் துண்டு துண்டாகத்தான் வரும். ஒரு மனிதரைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அவரோடு பதினான்கு வருஷம் ஒரே அறையில் இருந்தேன் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. "ஸ்லைடு மேல பேரு எழுதாதமே, நம்பர் போதும். பேரு தெரிஞ்சா கை நடுங்கும்" என்று நான் சேர்ந்த முதல் வாரமே சொன்னவர் அவர்தான். நான் அக்கா என்று கூப்பிட்டேன். அப்படியே எழுதுகிறேன்.

அக்கா போய் மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. அவர் நாற்காலியில் இப்போது வேறொரு பெண் உட்கார்கிறாள். நல்ல பெண், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வேலை செய்வாள். எனக்கு மதியத்துக்கு மேல் கால் கனத்துப்போகிறது. திருவேற்காட்டிலிருந்து இரண்டு வண்டி மாறி, மெட்ரோவுக்குத் தோண்டிய மண்ணையெல்லாம் மூக்கில் வாங்கி வந்து சேர்வதற்குள்ளேயே பாதி நாள் வேலை செய்த அலுப்பு வந்துவிடுகிறது. அந்த அலுப்பில்தான் அக்காவின் நினைவு வருகிறது. சுறுசுறுப்பாக இருக்கிற நாட்களில் வருவதில்லை.

அக்கா எங்கள் லேபின் டெக்னீசியன். ஆவடியில் ஒரு காலனியில் வீடு. ரயிலில் வருவார். வரும் சதைத்துண்டை மெழுகில் புதைத்துக் கட்டியாக்குவோம். அதற்கு பிளாக் என்று பெயர். அதை மெஷினில் பூட்டி, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடிச் சில்லில் சுருக்கம் விழாமல் ஏந்துவார் அக்கா. பிறகு சாயம் ஏற்றுவார். அந்த ஸ்லைடை டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இன்ன கட்டி, இப்படிப்பட்டது என்று எழுதுவார். அக்கா சீவும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். நானும் என்னை அறியாமல் அடக்கிக்கொள்வேன். ஃபேனை அணைத்துவிடுவோம். சித்திரை மாதத்தில் அந்த அறையில் எங்கள் இரண்டு பேர் முகத்திலிருந்தும் வேர்வை சொட்டும்; ஒருத்தரும் துடைக்க மாட்டோம்.

அவருக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார்.

ஒரு தடவை நான் முகத்துக்கு வெள்ளை கிரீம் வாங்கிப் பையில் ஒளித்து வைத்திருந்தேன். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இது தேவையா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற வெட்கம். அக்கா பார்த்துவிட்டார். சிரிக்கவில்லை.

"மூஞ்சில தடவாத. இடது கைல மட்டும் தடவு. ஒரு மாசம்."

"ஏங்க்கா?"

"வலது கை கன்ட்ரோலு."

ஒரு மாதம் ஒழுங்காகத் தடவினேன். கடைசி நாள் இரண்டு கையையும் ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டச் சொன்னார். ஸ்லைடைப் பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"எந்தக் கைல தடவுன?"

"இடதுலக்கா. நீங்கதான சொன்னீங்க."

"மறந்துட்டேன். ரெண்டும் ஒண்ணாத்தான் கீது. மீதியைத் தூக்கிப் போடு."

இன்னொரு நாள், எங்கள் வீட்டுக்காரர் இப்போது குடியைக் குறைத்துக்கொண்டார் என்று சந்தோஷமாகச் சொன்னேன். "எதை வெச்சிமே சொல்ற? போன மாசம் எத்தினி நாளு, இந்த மாசம் எத்தினி நாளு?" என்றார். நான் எண்ணவில்லை. காலண்டரில் கோடு போடச் சொன்னார். இரண்டு மாதம் போட்டேன். குறையவில்லை. அக்கா மேல் கோபமாக இருந்தது. குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்த நாட்களில் நான் நிம்மதியாக இருந்தேன் அல்லவா? அதை அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் எதையும் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அதற்குப் பிறகு அவர் முன்னால் எதையும் முடிவாகச் சொல்வதையும் விட்டேன். "கண்ணு சொம்மா சொல்லும்மே. பக்கத்துல ஒண்ணு கீதான்னு பாரு" என்பார். இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று தெரியாது. கேட்டும் நான் செய்ததைப் பிறகு சொல்கிறேன்.

கட்டிகளில் ரிசெப்டர் பார்க்கிற வேலைதான் அக்காவுக்கு மிகவும் பிடித்தது. அது என்ன என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கம் எனக்கு இன்னும் மனப்பாடம்.

"பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டாண்ட ஷேர் ஆட்டோக்காரன் 'ஆவடி, ஆவடி'ன்னு கத்திகினு போறான்ல? உடம்புக்குள்ள அந்த மாதிரி சில புரதம் கீது. வளர்ச்சிப் புரதம். 'வளரு, வளரு'ன்னு கூவிகினே சுத்தும். எவனாச்சும் கை தூக்குனாத்தான வண்டி நிக்கும்? செல்லு மேல கீற அந்தக் கைதான் ரிசெப்டரு. நல்ல செல்லுல அளவா ரெண்டு கை, மூணு கை இருக்கும். சில கட்டியில பாரு, ஒவ்வொரு செல்லும் ஊருப்பட்ட கையைத் தூக்கிகினு நிக்கும். வண்டி நின்னுகினே கீது, கட்டி வளர்ந்துகினே கீது."

"அப்ப மருந்துக்கா?"

"இப்ப வர்ற சில ஊசி நேரா அந்தக் கையைத் தேடிப் போய்ப் புடிக்கும். கை இருந்தாத்தான் புடிக்க முடியும். கையே தூக்காதவனை ஊசி எங்கேன்னு புடிக்கும்? அதான் கை கீதா இல்லியான்னு முன்னாடியே பார்க்கச் சொல்றாங்க."

ரிசெப்டர் இருந்தால் செல்லைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழும். நிறைய இருந்தால் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கோழிக்கூண்டு வலைபோலத் தெரியும். இல்லாவிட்டால் வெறும் நீலப் புள்ளிகள்தான். ஆனால் பழுப்பு விழாததற்கு மருந்து கெட்டுப்போனதும் காரணமாக இருக்கலாம் அல்லவா? அதற்காகத்தான் கன்ட்ரோல். எப்போதோ எங்களிடம் வந்த ஒரு பெண்ணின் மார்பகக் கட்டி அது. அதில் எல்லாச் செல்லும் கை தூக்கி நிற்கும் என்று முன்பே தெரியும். அதிலிருந்து ஒரு சீவல் எடுத்து, ஒவ்வொரு ஸ்லைடிலும் சீட்டு ஒட்டுகிற பக்கமாக மேலே வைப்பார் அக்கா. கீழே பேஷண்டின் சீவல். இரண்டுக்கும் ஒரே மருந்து, ஒரே சாயம். மேலே பழுப்பு விழுந்து கீழே விழாவிட்டால், அந்த 'இல்லை' உண்மையான இல்லை. மேலேயே விழாவிட்டால், கீழே இருப்பதைப் பற்றி எதுவும் பேசக் கூடாது.

மேலே இருப்பவருக்கு அக்கா வைத்த பெயர் அம்மா.

முதலில் எங்கள் ஊர் அம்மனைச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு அக்கா கிறிஸ்தவர் என்று தெரிந்ததும் மாதாவாக இருக்கும் என்று நினைத்தேன். அந்தப் பெண் யார், இருக்கிறாரா, போய்விட்டாரா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. எண் மட்டும் தெரியும். அந்த பிளாக்கை அக்கா தனியாக ஒரு பவுடர் டப்பாவில் வைத்திருந்தார். சீவச் சீவத் தேய்ந்துகொண்டே வந்தது. "அம்மா இளைச்சிகினே போறாமே" என்று கவலைப்படுவார்.

சாயம் ஏற்றுவதற்கு முன்னால் ஸ்லைடுகளைக் குக்கரில் வேகவைக்க வேண்டும். சோறு வடிக்கிற அதே குக்கர்தான். மேலே சிவப்பு பெயின்டால் குறி போட்டிருக்கும், யாரும் தப்பித் தவறிச் சமைத்துவிடக் கூடாதென்று. அடுப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மூடியைத் திருகுவதற்கு முன் அக்கா ஒவ்வொரு நாளும் கேட்பார்.

"அம்மா ஏறியாச்சா?"

நான் ஒவ்வொரு ஸ்லைடையும் தூக்கி, மேலே ஒரு சீவல், கீழே ஒரு சீவல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "ஏறியாச்சுக்கா" என்பேன். பஸ்ஸில் குடும்பத்தை ஏற்றிவிட்டுக் கண்டக்டர் கேட்பதுபோல இருக்கும்.

ஒரு கோடையில் கரண்ட் போய், ஃபிரிட்ஜில் இருந்த மருந்து கெட்டிருக்கிறது. எங்களுக்குத் தெரியவில்லை. சாயம் ஏற்றிப் பார்த்தால் அம்மா வெளிறிப்போய் வந்தார். ஒன்பது ஸ்லைடையும் அக்கா தள்ளிவைத்தார். வெளியே பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவிக்குச் சினைப்பையில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் அன்றைக்கு ரிசல்ட்டோடு வரச் சொல்லியிருந்தார்களாம்.

"இன்னிக்கு இல்ல பெரியவரே" என்றார் அக்கா.

"ஒரு வார்த்தை சொல்லும்மா. கீதா, இல்லியா?"

"தெரியாது."

"பார்த்துட்டுத்தான வர்ற?"

"பார்த்தேன். தெரியாது."

"கண்ணால பார்த்துட்டுத் தெரியாதுங்கிறியே, நீயெல்லாம் பொம்பளையா?"

அவர் எழுந்து போய்விட்டார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, விட்டுப்போன துண்டை எடுத்துக்கொண்டு மறுபடி போனார். அக்கா உள்ளே வந்து ஒன்பதையும் புதிதாகச் சீவ உட்கார்ந்தார். சாப்பிடவில்லை. "ஆறுதலா ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன். "ஆறுதல் சொல்றதுக்கு அந்த மனுசனுக்கு ஊரே கீது. இதைச் சொல்றதுக்கு நான் ஒருத்திதான் கீறேன்" என்றார். அன்றைக்கு எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு அக்காவுக்கே வந்தது.

கர்ப்பப்பையில் சாதாரணக் கட்டி, எடுத்துவிடப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டு லீவு போட்டிருந்தார். நான்காம் நாள் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டப்பாக்களைப் பிரித்து நோட்டில் பதியும்போது அவர் பெயரைப் பார்த்தேன். வயது சரியாக இருந்தது. வீட்டு விலாசம் சரியாக இருந்தது. டப்பா கனமாக இருந்தது. எண் போட்டேன். கை நடுங்கியது. அக்கா சொன்னது சரிதான். அந்த எண்ணை நான் மறக்கவே இல்லை. சினைப்பையில் ஆரம்பித்துச் சுற்றிலும் பரவியிருந்தது என்று டாக்டரம்மா எழுதினார்.

மருந்து ஏற்றி, முடி கொட்டி, தலையில் பூப்போட்ட துணி கட்டிக்கொண்டு ஏழு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். முன்னைவிட மெதுவாகச் சீவினார். அப்போதும் குணம் மாறவில்லை. காலனியில் ஒரு ஜெபக்கூட்டத்தில் பாஸ்டர் தலையில் கை வைத்து, "சகோதரி, சுகமாயிட்டீங்க, விசுவாசிங்க" என்றாராம். அக்கா அவரிடம், "ஐயா, இந்த வியாதிக்காரங்கள்ல நீங்க யாருக்குன்னா ஜெபம் பண்ணாம வுட்டு வெச்சிருக்கீங்களா? பக்கத்துல வெச்சிப் பார்க்கணுமே" என்று கேட்டிருக்கிறார். "பாஸ்டர் மொறைச்சாரா?" என்றேன். "இல்லமே. நல்லவரு. 'நீங்க உயிரோட கேக்குறதே போதும்மா'ன்னு சிரிச்சாரு" என்றார்.

ஒரு வருஷத்துக்குள் கட்டி திரும்பி வந்துவிட்டது. ஏற்றின மருந்து இனி வேலை செய்யாது என்றார்கள். புதிதாக ஓர் ஊசி இருக்கிறது, ரிசெப்டர் இருந்தால் போடலாம், சினைப்பைக் கட்டியில் சில பேருக்குத்தான் இருக்கும், பழைய பிளாக்கிலேயே பார்த்துவிடலாம் என்று அவருடைய டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அக்கா அந்தச் சீட்டை எங்கள் டாக்டரம்மாவின் மேஜையில் வைத்தார்.

"வெளியே அனுப்பிடலாம். உங்களோடதை நீங்களே பண்ண வேண்டாம்" என்றார் டாக்டரம்மா.

"வெளிய அவங்க கன்ட்ரோல் எப்பிடி வெப்பாங்கன்னு எனக்கு எப்பிடித் தெரியும் டாக்டர்? நானே பண்றேன். நீங்க பாருங்க."

டாக்டரம்மா சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டுச் சரி என்றார்.

அலமாரியிலிருந்து அந்த பிளாக்கை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஃபேனை அணைத்தேன். மெஷினின் சக்கரத்தை அக்கா சுற்றினார். தன் உடம்பிலிருந்து வந்ததை ஒருத்தர் சீவுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முதல் இரண்டு சீவல் கிழிந்தது. மூன்றாவது நன்றாக வந்தது. அன்றைக்கு மொத்தம் பன்னிரண்டு ஸ்லைடு; அவருடையது ஏழாவது. குக்கரை மூடும் முன் வழக்கம்போலக் கேட்டார். நான் வழக்கம்போலச் சொன்னேன்.

அந்த நாட்களில் ரயிலில் வர அக்காவுக்குத் தெம்பில்லை. அவர் வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுவந்து விட்டு, சாயங்காலம் முன்னதாகவே வந்து டீக்கடையில் காத்திருந்து கூட்டிப்போவார். ஆவடி பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அக்காவுக்கு நேர் எதிர், சத்தமாகப் பேசுவார், எதிரே வருகிறவரிடமெல்லாம் பேசுவார். நான் பால் வாங்க டீக்கடைக்குப் போகும்போதெல்லாம் மடக்கிக்கொள்வார். "இன்னா தங்கச்சி, டெஸ்ட்டு இன்னாச்சு? உங்கக்கா வாயத் தொறக்க மாட்றா." நான் தலையை ஆட்டிவிட்டு ஓடிவந்துவிடுவேன்.

அன்று நாலு மணிக்குச் சாயம் முடிந்தது. டாக்டரம்மாவிடம் கொடுப்பதற்கு முன், கன்ட்ரோல் சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் அக்கா ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒன்று முதல் ஆறு வரை பார்த்தார். பிறகு எட்டு முதல் பன்னிரண்டு வரை. கடைசியில் ஏழாவதை எடுத்து வைத்தார். கொஞ்ச நேரம் கண்ணை வைத்திருந்தார். "அம்மா நல்லா வந்துகீறா" என்றார். ஸ்லைடை எடுக்காமல் எழுந்து, கை கழுவப் போனார்.

நான் போய் உட்கார்ந்தேன்.

எனக்கு மைக்ராஸ்கோப்பை நகர்த்தத் தெரியாது. இத்தனை வருஷமும் அக்கா வைத்துக் காட்டுவதைத்தான் பார்த்திருக்கிறேன். கண்ணை வைத்தேன். பழுப்பு வலை. எங்கு பார்த்தாலும் வலை, கோழிக்கூண்டு வலை, ஒரு கண்ணிகூட விடுபடாமல். எல்லாரும் கை தூக்கி நிற்கிறார்கள். சீட்டில் அந்த எண்.

பாத்திரத்தை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு ஓடினேன். என் வாழ்க்கையில் நானாகப் போய் ஒரு ஆண்பிள்ளையிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"ண்ணா, கீதுண்ணா. அக்காவுக்கு ரிசெப்டரு கீது. ஊசி போடலாம்."

அவர் டீயைக் கீழே வைத்தார். "சத்தியமா?"

"என் கண்ணால பார்த்தேண்ணா."

அந்த மனிதர் அழுதார். டீக்கடைக்காரர் என்ன ஏது என்று கேட்க, அவரிடமும் சொன்னார். யார் யாருக்கோ போன் போட்டார். நான் பால் வாங்காமலே திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை அக்காவை இறக்கிவிடும்போது அவர் என் கையில் ஒரு மைசூர்பாகு டப்பாவைக் கொடுத்தார். காலனி முழுக்கச் சொல்லிவிட்டாராம். பாஸ்டர் வீட்டுக்கு வந்து ஸ்தோத்திரம் சொன்னாராம். அக்கா படியேறினார். நான் டப்பாவைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பத்து மணிக்கு டாக்டரம்மா அறையிலிருந்து அக்காவைக் கூப்பிட்டார்கள். நான் டீ டம்ளரோடு கதவருகே நின்றேன்.

"ஜீரோ" என்றார் டாக்டரம்மா. "ஒரு செல்லுலகூட இல்ல."

அக்கா மேஜையில் கோணலாக இருந்த ஸ்லைடு தட்டை நேராக்கி வைத்தார்.

"வேற கம்பெனி மருந்து போட்டு இன்னொரு தடவை பண்ணிப் பார்க்கலாம். நானே பேசி வாங்குறேன்."

"கன்ட்ரோல் எப்பிடி இருந்துச்சு டாக்டர்?"

டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மறுபடியும் கேட்டார்.

"நல்லா இருந்தது."

"அப்புறம் இன்னாத்துக்கு டாக்டர் ரிப்பீட்டு?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். அக்கா கதவுவரை வந்து நின்று, "நெகட்டிவ் கன்ட்ரோலுக்கு நல்ல பிளாக் இல்லேன்னு சொல்லிகினு இருந்தீங்களே. என்னோடது சுத்தமா கீது, வெச்சுக்கோங்க" என்றார். ஒரு கைகூடத் தூக்காத கட்டிக்குத்தான் அந்தப் பெயர். டாக்டரம்மா, "தயவுசெஞ்சு வெளியே போங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மேலே இருப்பவர் அம்மா. எனக்குத் தெரியாதது இல்லை. தினமும் ஸ்லைடைத் தூக்கி, மேலே ஒன்று கீழே ஒன்று என்று பார்த்தவள் நான்தான். அக்கா அம்மாவைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுப்போன இடத்தில் கண்ணை வைத்து, அம்மாவைப் பார்த்துவிட்டு, அக்கா பிழைத்துக்கொள்வார் என்று ஊருக்குச் சொல்லிவிட்டேன்.

தொட்டியில் கண்ணாடிச் சாமான்களைப் போட்டுவிட்டு அழுதுகொண்டு நின்றேன். அக்கா வந்தார்.

"அழுதுகினே கழுவாதமே. கையை அறுத்துக்குவ."

"நான்தான்க்கா அண்ணன்கிட்ட சொன்னேன்."

"தெரியும்."

"வலை வலையாப் பார்த்தேன்க்கா. நம்பர் உங்களோடது."

"அது அம்மா." மைக்ராஸ்கோப் பக்கம் தலையை ஆட்டினார். "எங்க வுட்டுட்டு எழுந்தேன்னு எனக்குத் தெரியாதா? நேத்து வண்டில ஏறசொல்லோ ஊட்டுக்காரரு விசயத்தைச் சொன்னாரு. அப்பவே தெரியும், நீ அம்மாவைத்தான் பார்த்துகீறேன்னு."

"அப்பவே அவராண்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"இன்னான்னு சொல்றது? கீழ இன்னா கீதுன்னு எனக்கும் தெரியாதே. நான் தள்ளிப் பார்க்கல." நாற்காலியை இழுத்துப்போட்டுக் குந்தினார். "அந்த மனுசன் பாடி ரெண்டு வருசம் ஆச்சுமே. நேத்து வண்டி ஓட்டிகினே பாடினாரு. ஹெல்மெட்டுக்குள்ளாற ஒண்ணியும் புரியல. ஆவடி போற வரைக்கும் பாடட்டும்னு வுட்டேன். ஊட்டுக்குப் போனா, கோழி வாங்கியாந்துட்டாரு. சரி, துன்ற வரைக்கும் இருக்கட்டும்னு வுட்டேன். அப்புறம் பாஸ்டரு வந்தாரு. அவரு முன்னாடி இன்னா சொல்றது? அப்பிடியே வுட்டுகினே போயிட்டேன்."

நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"பக்கத்துல வெச்சிப் பார்க்காம ஒரு ரிசல்ட்டை நான் வெளிய வுட்டது, என் சர்வீசுலயே இது ஒண்ணுதான். உன் மேல தப்பு இல்ல. வுட்டது நானு."

மேஜையில் இருந்த டப்பாவைப் பிரித்தார். ஒரு மைசூர்பாகை எடுத்துப் பாதியாக உடைத்து எனக்கு ஒரு பாதி கொடுத்தார். தன் பாதியை வாயில் போட்டு மெதுவாக மென்றார்.

"நெய்யா டால்டாவான்னு எப்பிடிச் சொல்றது? பக்கத்துல வெச்சிப் பார்க்க இன்னொரு கடையில வாங்கியாரணும்னு அந்த மனுசனுக்குத் தோணல பாரு."

நான் சிரித்துவிட்டேன். சிரித்ததை நினைத்தால் இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். வாசலில் அண்ணன் வண்டியில் உட்கார்ந்திருந்தார். அக்கா பக்கத்தில் போய் நின்று ஏதோ சொன்னார். நாலைந்து வார்த்தைதான் இருக்கும். அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். மடியில் வைத்துக்கொண்டு எதிரே இருந்த சுவரைப் பார்த்தார். பிறகு மறுபடியும் மாட்டிக்கொண்டார். அக்கா பின்னால் ஏறி, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி வெகுநேரம் கிளம்பவில்லை. பின்னாலிருந்து லாரிக்காரன் ஒருத்தன் ஹாரன் அடித்த பிறகுதான் கிளம்பியது.

மறுநாள் அக்கா எட்டே முக்காலுக்கு வந்தார். பிளாக் இருபத்தாறு, ரிசெப்டர் பார்க்க ஐந்து. குக்கரை மூடும் முன், அம்மா ஏறியாச்சா என்று கேட்டார். ஏறியாச்சு என்றேன்.